சிக்னலுக்குப் பின்னால் ஒரு படிப்பு: நுண்ணறிவுப் போக்குவரத்துத் துறையில் நம் பிள்ளைகளுக்கான வாய்ப்புகள்

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்ததும் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளையை எதில் சேர்ப்பது?" பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்த படிப்பு, தெரிந்தவர் சொன்ன கல்லூரி, விளம்பரத்தில் பார்த்த பாடம் என்று முடிவு எடுத்துவிடுகிறோம். அந்தப் படிப்பு எந்த வேலைக்கு அழைத்துச் செல்லும் என்று கேட்பவர்கள் குறைவு. நான்கு ஆண்டுகள் கழித்துப் பட்டம் கையில் இருக்கும், வேலை இருக்காது. அதன் பிறகு கிடைத்த விசாவில் வெளிநாடு போவதுதான் பலருக்கு வழியாக இருக்கிறது.

நம் சமுதாயத்தில் வண்டியை நம்பி வாழும் குடும்பங்கள் பல உண்டு. ஆட்டோ, வேன், லாரி ஓட்டுகிறவர்கள், மெக்கானிக் கடை வைத்திருப்பவர்கள், வளைகுடாவில் ஓட்டுநராக இருப்பவர்கள் எனப் பலர். அந்தத் தொழிலே இன்று கணினியோடு சேர்ந்து மாறிக்கொண்டிருக்கிறது. அந்த மாற்றத்தின் பெயர் நுண்ணறிவுப் போக்குவரத்து அமைப்பு. ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி ஐ.டி.எஸ். என்பார்கள். இது என்ன, இதில் என்ன படிக்கலாம், எங்கே பயிற்சி கிடைக்கும், செலவுக்கு என்ன வழி என்பதை இந்தக் கட்டுரையில் வரிசையாகப் பார்ப்போம்.

ஐ.டி.எஸ். என்றால் என்ன?

சாலையிலும் தண்டவாளத்திலும் நடப்பதைக் கருவிகளால் அறிந்து, அந்தத் தகவலைக் கணினிக்கு அனுப்பி, கணக்கிட்டு, அதற்கேற்ப உடனே செயல்படுவதுதான் ஐ.டி.எஸ். அறிதல், அனுப்புதல், கணக்கிடுதல், செயல்படுதல் என்று நான்கு படிகளாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நமக்குத் தெரிந்த பாஸ்டாக் இதற்கு நல்ல உதாரணம். கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சிறு வில்லையைச் சுங்கச்சாவடியின் மேலே உள்ள கருவி வானொலி அலை மூலம் படிக்கிறது (அறிதல்). அந்த எண் வங்கிக்குப் போகிறது (அனுப்புதல்). வண்டியின் வகைக்கேற்ற கட்டணம் கழிக்கப்படுகிறது (கணக்கிடுதல்). தடுப்புக் கம்பம் உயர்கிறது (செயல்படுதல்). 2021 பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இது கட்டாயமாக்கப்பட்டது.

இன்னொரு உதாரணம், பேருந்துகளிலும் வாடகைக் கார்களிலும் பொருத்தப்படும் இருப்பிடம் காட்டும் கருவி. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பொதுப் பயணிகள் வாகனங்களில், ஆட்டோ போன்ற சிலவற்றைத் தவிர, இக்கருவியும் அவசர பொத்தானும் இருக்க வேண்டும் என்பது விதி. இதற்கான தரக்குறிப்பின் பெயர் ஏ.ஐ.எஸ்.-140. அதன் தலைப்பிலேயே 'நுண்ணறிவுப் போக்குவரத்து அமைப்பு' என்ற சொல் உள்ளது. இக்கருவியைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் அதன் தகவலைக் கண்காணிக்கவும் ஆட்கள் தேவை.

நம் உறவினர்கள் வாழும் ஊர்களிலும் இதைக் காணலாம். சிங்கப்பூரில் நெரிசல் நேரத்தில் சாலைக்குள் நுழையும் வண்டியிடம் மின்னணு முறையில் கட்டணம் வாங்குவது 1998-லேயே தொடங்கிவிட்டது. துபாயில் 'சாலிக்' சுங்க முறை 2007-லும், ஓட்டுநர் இல்லாத மெட்ரோ 2009-லும் வந்தன. ரியாத் மெட்ரோ 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதுவும் ஓட்டுநர் இல்லாமலே ஓடுகிறது. சென்னை மெட்ரோவின் 118.9 கிலோமீட்டர் நீள இரண்டாம் கட்டத்திலும் ஓட்டுநர் இல்லா ரயில்களே ஓட இருக்கின்றன.

ஓட்டுநர் இல்லை என்றால் வேலையே இல்லை என்று பொருளல்ல. ஓட்டும் இருக்கையில் இருந்த வேலை கட்டுப்பாட்டு அறைக்கும், சிக்னல் பராமரிப்புக்கும், மென்பொருளுக்கும் இடம் மாறுகிறது. அந்த வேலைக்குத் தகுதியோடு போகிறவர் யார் என்பதுதான் நம் முன் உள்ள கேள்வி.

ஒரு சிறு பாடம்: சிக்னல் எப்படிக் கணக்குப் போடுகிறது?

இத்துறை நம் பிள்ளைக்குப் பிடிக்குமா என்று அறிய, கீழே உள்ள கணக்கை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புக் கணிதம் போதும்.

முதல் படி, வண்டிகளை எண்ணுவது. சாலையில் ஒரு பேருந்தும் ஒரு பைக்கும் ஒரே அளவு இடம் எடுப்பதில்லை. எனவே எல்லாவற்றையும் 'கார் அளவு' என்ற ஒரே அலகுக்கு மாற்றுவார்கள். நகரச் சாலைகளுக்கு இந்தியச் சாலைப் பேரவை 1990-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒரு வகை வாகனம் மொத்தத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் இருசக்கர வண்டிக்கு 0.75, காருக்கு 1, ஆட்டோவுக்கு 2, பேருந்துக்கு 3.7 என்று மதிப்பு.

ஒரு சந்திப்பில் 100 வண்டிகள் கடந்தன என்று வைத்துக்கொள்வோம். 60 இருசக்கர வண்டிகள், 20 கார்கள், 10 ஆட்டோக்கள், 10 பேருந்துகள். கணக்கு இப்படி வரும்: 45 + 20 + 20 + 37 = 122. கண்ணுக்கு 100 வண்டி. சாலைக்கு அது 122 கார்களின் சுமை.

இரண்டாம் படி, நேரத்தைப் பிரிப்பது. ஒரு நாற்சந்தியில் கிழக்கு–மேற்குச் சாலைக்கு ஒரு முறை, வடக்கு–தெற்குச் சாலைக்கு ஒரு முறை பச்சை விழுகிறது. இடைவிடாமல் பச்சை எரிந்தால் ஒவ்வொரு சாலையிலும் மணிக்கு 1,800 கார் அளவு கடக்க முடியும். ஆனால் வருவது ஒன்றில் 630, மற்றொன்றில் 540. எனவே விகிதங்கள் 630 ÷ 1,800 = 0.35; 540 ÷ 1,800 = 0.30. கூட்டினால் 0.65.

பச்சையிலிருந்து சிவப்புக்கும் சிவப்பிலிருந்து பச்சைக்கும் மாறும்போது ஒவ்வொரு சுற்றிலும் 10 விநாடி வீணாகிறது என்று கொள்வோம். பிரிட்டனைச் சேர்ந்த வெப்ஸ்டர் 1958-ல் தந்த சூத்திரம் இது:

சுற்று நேரம் = (1.5 × வீணாகும் நேரம் + 5) ÷ (1 − விகிதங்களின் கூட்டுத்தொகை)

அதாவது (15 + 5) ÷ (1 − 0.65) = 20 ÷ 0.35 = சுமார் 57 விநாடி. இதில் வீணாகும் 10 விநாடி போக 47 விநாடியை 35-க்கு 30 என்ற விகிதத்தில் பிரித்தால், முதல் சாலைக்கு 25 விநாடி, அடுத்ததற்கு 22 விநாடி பச்சை.

இனிதான் முக்கியமான செய்தி. பள்ளி விடும் நேரத்தில் இதே சந்திப்பில் 900-மும் 630-மும் வருகின்றன. விகிதங்கள் 0.50, 0.35, கூட்டினால் 0.85. சுற்று நேரம் 20 ÷ 0.15 = சுமார் 133 விநாடி. வண்டிகள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கூடின. சுற்று நேரமோ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. காலையில் அமைத்த நேரத்தையே நாள் முழுவதும் ஓடவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் தினமும் அனுபவிக்கிறோம். வாகன வரத்தை உணர்ந்து தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னல்கள் இதற்காகவே வந்தன. சிட்னியின் 'ஸ்காட்ஸ்', பிரிட்டனின் 'ஸ்கூட்' ஆகியவை உலக அளவில் அறியப்பட்டவை. தடம் பார்க்காமல் கலந்து ஓடும் நம் நாட்டு வாகனங்களுக்கு ஏற்ப, திருவனந்தபுரத்தில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் 'கோசிகாஸ்ட்' என்ற முறையை உருவாக்கியுள்ளது.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்த பிள்ளை, "நம் ஊர் சந்திப்பில் எவ்வளவு வரும்?" என்று கேட்டால், அவருக்கு இத்துறை பொருந்தும்.

உயிர் காக்கும் படிப்பும் கூட

2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம். சம்பாதிக்கும் ஒருவர் விபத்தில் போய்விட்டால் அந்தக் குடும்பத்தின் நிலை என்ன என்பதை உதவி கேட்டு வரும் மனுக்களில் எந்த ஜமாஅத்தும் பார்த்திருக்கும்.

எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தக் காரணத்தால் விபத்து நடக்கிறது என்று தெரிந்தால்தான் தடுக்க முடியும். இதற்காக விபத்து விவரங்களைக் காவல்துறை செல்பேசிச் செயலி மூலம் சம்பவ இடத்திலேயே பதிவு செய்யும் முறையைச் சென்னை ஐ.ஐ.டி.யும் தேசியத் தகவல் மையமும் சேர்ந்து உருவாக்கின. முதலில் சோதிக்கப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அப்படிச் சேரும் தகவலைப் படித்து, 'இந்த வளைவில் விளக்கு வேண்டும், இந்தப் பள்ளி முன் வேகத்தடை வேண்டும்' என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நிறையத் தேவைப்படுகிறார்கள்.

எந்தப் படிப்பு, எந்த வழி?

ஐ.டி.எஸ். என்ற பெயரிலேயே பட்டப்படிப்பு தேட வேண்டியதில்லை. இது பல துறைகள் கூடும் இடம். அவரவர் நிற்கும் படியிலிருந்து ஏறலாம்.

*பத்தாம் வகுப்பு முடித்தவர்கள்:* அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், மின்சார வாகன மெக்கானிக், கணினி இயக்குபவர் ஆகிய பிரிவுகள் இத்துறைக்குப் பொருத்தமானவை. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து புதிய இயந்திரங்களோடு மேம்படுத்தப்பட்டுள்ளன. அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை; மாத உதவித்தொகையும் பேருந்துப் பயண அட்டையும் உண்டு. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

*பாலிடெக்னிக் சேருபவர்கள்:* எலக்ட்ரானிக்ஸ், கணினி, சிவில் மூன்றும் உதவும். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று மனம் தளர்ந்த பிள்ளைகளுக்கு இது நல்ல ஏணி.

*பிளஸ் டூ முடித்தவர்கள்:* பி.இ. சிவில் படித்தால் சாலை வடிவமைப்பும் போக்குவரத்துத் திட்டமிடலும். எலக்ட்ரானிக்ஸ் படித்தால் உணரிகளும் தகவல் தொடர்பும். கணினி படித்தால் தரவும் மென்பொருளும். பொறியியல் இடம் கிடைக்காதவர்கள் பி.எஸ்சி. கணிதம், புள்ளியியல், கணினி அறிவியல் படித்தும் தரவுப் பக்கம் வரலாம். சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் இணையவழி பி.எஸ். தரவு அறிவியல் படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. அவர்களே நடத்தும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். குடும்ப வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு.

*பட்டம் முடித்தவர்கள்:* சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி., கிண்டி பொறியியல் கல்லூரி ஆகியவற்றில் போக்குவரத்துப் பொறியியலில் முதுநிலைப் படிப்பு உள்ளது. இவற்றுக்குப் பெரும்பாலும் சிவில் பட்டம் கேட்பார்கள். 'கேட்' தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம்; மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். கேட் மூலம் எம்.டெக். சேர்ந்தவருக்கு மாதம் ரூ.12,400 உதவித்தொகை கிடைக்கும். படிக்கும் காலத்திலேயே வீட்டுக்குச் சுமை குறையும்.

பயிற்சி எங்கே கிடைக்கும்?

பட்டமோ டிப்ளமோ முடித்ததும் ஓராண்டு தொழிற்பழகுநர் பயிற்சிக்குச் செல்வது நல்லது. மாநகர், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் வழியாக இதற்கான அறிவிப்புகளை வெளியிடுவது வழக்கம். மத்திய அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் முன்பே பதிவு செய்து வைத்திருப்பவர்களுக்கே விண்ணப்பிப்பது எளிது. மாத உதவித்தொகையும் இறுதியில் சான்றிதழும் கிடைக்கும். நிரந்தர வேலை என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் பணிமனையிலும் அலுவலகத்திலும் ஓராண்டு இருந்த அனுபவத்துக்கு மதிப்பு உண்டு.

விடுமுறைக் காலப் பயிற்சிக்கு, படிக்கும் கல்லூரியின் கடிதத்தோடு திருவனந்தபுரத்தின் நாட்பேக், டெல்லியில் உள்ள மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம், ஐ.ஐ.டி., என்.ஐ.டி. பேராசிரியர்கள் ஆகியோருக்கு விண்ணப்பிக்கலாம். ஏப்ரல் விடுமுறைக்கு ஜனவரியிலேயே எழுத வேண்டும்.

கையில் காசில்லாமல் வீட்டிலிருந்தே கற்கவும் வழி இருக்கிறது. என்.பி.டெல், ஸ்வயம் தளங்களில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் போக்குவரத்துப் பொறியியல் பாடங்கள் இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக் கட்டணம். ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'சூமோ' என்ற மென்பொருளில் ஒரு சந்திப்பையே கணினித் திரையில் அமைத்துச் சோதிக்கலாம், அதுவும் இலவசம். வரைபடத்துக்குக் 'கியூஜிஸ்', நிரல் எழுதப் 'பைத்தான்', இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. டெல்லிப் பேருந்துகளின் நேரடி இருப்பிடத் தகவலும் கொச்சி மெட்ரோவின் கால அட்டவணையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டுள்ளன. இவற்றைக் கொண்டு ஒரு சிறு திட்டம் செய்து வைத்திருக்கும் மாணவர், நேர்முகத் தேர்வில் வெறும் சான்றிதழோடு வருபவரைவிட முன்னால் நிற்பார்.

பெண் பிள்ளைகளுக்கு

இத்துறை முழுவதும் வெயிலில் நிற்கும் வேலை அல்ல. தரவு ஆய்வு, வரைபடம், மென்பொருள், கட்டுப்பாட்டு அறை, ஆசிரியப் பணி எனப் பல பிரிவுகள் உள்ளன. பேருந்து நிறுத்தத்தில் விளக்கு இல்லாததும், மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி வராததும் யாரைப் பாதிக்கிறது என்பது பெண்களுக்குத்தான் அதிகம் தெரியும். திட்டமிடும் மேசையில் அவர்கள் இருப்பது ஊருக்கே நன்மை. தொழில்நுட்ப டிப்ளமோ அல்லது பட்டப்படிப்பில் சேரும் மாணவிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் 'பிரகதி' திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.50,000 உதவித்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் இருவர் வரை பெறலாம்.

செலவுக்கு வழி

வட்டிக் கடனுக்குப் போகுமுன், உரிமையாகக் கிடைப்பவற்றை முழுவதும் பெற்றோமா என்று பாருங்கள்.

1. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு உள்ளது. பொறியியல் கலந்தாய்வில் இதற்கான சாதிச் சான்றிதழ் சரியாக இருக்க வேண்டும்.
2. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களுக்கு அந்தச் சான்றிதழ் போதாது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்டோர் மத்திய ஓ.பி.சி. பட்டியலிலும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு வேறு படிவம். நடப்பு நிதியாண்டுக்கானதாகவும் இருக்க வேண்டும். மதிப்பெண் இருந்தும் இந்த ஒரு தாளால் இடத்தை இழக்க நேரிடலாம்.
3. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடும், அதில் சேர்ந்தவர்களுக்கு அரசே கட்டணம் செலுத்தும் சலுகையும் உண்டு.
4. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. கலந்தாய்வுக்கு முன்பே சான்றிதழ் பெற வேண்டும்.
5. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ரூ.1,000.

சாதி, வருமானம், முதல் பட்டதாரி, இருப்பிடச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முடிவு வந்த பிறகு ஓடாமல், பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே எடுத்து வையுங்கள். ஆதார், பள்ளிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு மூன்றிலும் பிள்ளையின் பெயரும் முன்னெழுத்தும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் 'முகம்மது', மற்றொன்றில் 'முஹம்மத்' என்று இருந்தால் உதவித்தொகை தாமதமாகவோ நிராகரிக்கப்படவோ கூடும்.

ஏமாறாமல் இருக்க

புதிய துறை என்றால் புதிய ஏமாற்றும் வரும். 'மூன்று மாதத்தில் மெட்ரோ வேலை', 'செயற்கை நுண்ணறிவுப் போக்குவரத்து டிப்ளமோ, வேலை உறுதி' என்று பணம் கேட்பவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தச் சான்றிதழை அங்கீகரித்த அரசு அமைப்பு எது? சென்ற ஆண்டு முடித்தவர்களில் இருவரோடு பேச முடியுமா? பணம் கட்டினால் ரசீது எந்தப் பெயரில் வரும்? தெளிவான பதில் இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். மெட்ரோ, ரயில்வே, போக்குவரத்துக் கழக வேலைகள் அந்தந்த நிறுவனத்தின் சொந்த அறிவிப்பு மூலமே நிரப்பப்படும். இடையில் ஒருவர் பணம் வாங்கி வேலை தர முடியாது.

நாம் செய்ய வேண்டியது

பெற்றோர் ஒரு காரியம் செய்யலாம். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே கணிதத்தில் எங்கே தடுமாறுகிறார் என்று கவனியுங்கள். மேலே சொன்ன எல்லா வழிகளுக்கும் அதுதான் வாசல்.

ஜமாஅத் நிர்வாகிகள் ஆண்டுக்கு ஒரு நாள், தேர்வு முடிவுகளுக்கு முன்பாக, மஹல்லாவில் சான்றிதழ் முகாம் ஒன்று நடத்தலாம். ஏற்கெனவே இத்துறையில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளை அன்று அழைத்துப் பேச வைக்கலாம். கல்விக்காகச் சேரும் தொகையில் ஒரு பகுதியை, தேர்வுக் கட்டணமாகவும் பயிற்சிக்குச் செல்லும் மாணவரின் பயணச் செலவாகவும் ஒதுக்கலாம். ஆயிரம் ரூபாய் இல்லாமல் நின்றுபோகும் தேர்வுகள் நம்மிடையே இருக்கக் கூடாது.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை. வரும் வாரத்தில் ஒரு நாள், நண்பர்கள் இருவரோடு உங்கள் ஊர் சந்திப்பின் ஓரத்தில் பாதுகாப்பாக நின்று, காலை எட்டரை முதல் எட்டே முக்கால் வரை கடக்கும் வண்டிகளை வகை பிரித்து எண்ணுங்கள். மேலே தந்த மதிப்புகளால் பெருக்கி, நான்கால் பெருக்குங்கள். ஒரு மணி நேரத்தில் அந்தச் சாலை தாங்கும் சுமை கிடைக்கும். அந்தத் தாளை உங்கள் கணித ஆசிரியரிடம் காட்டுங்கள். இந்தத் துறையில் நீங்கள் படித்த முதல் பாடமாக அது இருக்கும், இன்ஷா அல்லாஹ்.